டைட்டில் ஒன் பள்ளி என்றால் மட்டமான பள்ளியா, அந்தக் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப் போகிறது?

மகனை அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்திருக்கிறீர்கள். முதல் வாரமே பையில் மூன்று தாள்கள் வந்திருக்கின்றன. "எங்கள் பள்ளி டைட்டில் ஒன் பள்ளி" என்று ஒரு கடிதம், "ஸ்கூல் பேரண்ட் காம்பேக்ட்" (பள்ளி–பெற்றோர் உடன்பாடு) என்ற பெயரில் கையெழுத்துப் போட்டு அனுப்ப ஒரு தாள், மாலைக் கூட்டத்துக்கு ஓர் அழைப்பு. அபார்ட்மெண்டில் தெரிந்தவர், டைட்டில் ஒன் என்றால் லீஸ் முடிந்ததும் வேறு ஏரியா பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். பள்ளி மட்டமா, கையெழுத்துப் போட்டால் ஹெச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் துணைக்கான விசா) இருக்கும் உங்களுக்குப் பின்னால் ஏதாவது சிக்கல் வருமா, கூட்டத்துக்குப் போவதில் பிரயோஜனம் உண்டா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. ஓட்டுரிமைகூட இல்லாத ஒரு அம்மாவுக்கு அமெரிக்க அரசுப் பள்ளியில் பேச இடம் இருக்கிறதா, பேசினால் யாராவது காதில் போட்டுக்கொள்வார்களா? இடம் இருக்கிறது, சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காதில் போட்டுக்கொள்வார்களா என்பது பெரும்பாலும் நீங்கள் எந்த மாதத்தில் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் இருக்கிறது.

நான் ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மத்திய அரசு நிதித் திட்டங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் பல வருடம் வேலை செய்தவன். இந்தக் கடிதங்களை அச்சடித்து அனுப்பும் பக்கத்தில் இருந்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் இல்லை. அதோடு, அமெரிக்காவில் பள்ளிக்கல்வி மாநிலத்துக்கு மாநிலம், டிஸ்ட்ரிக்ட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் மாறும். எல்லா மாநிலத்துக்கும் பொதுவான மத்தியச் சட்டத்தைத்தான் இங்கே அடித்துச் சொல்கிறேன், மற்றதை உங்கள் ஊரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். 1965 ஏப்ரல் 11 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், தான் சின்ன வயதில் படித்த டெக்சஸ் கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாசலில் மேசை போட்டு, தன் முதல் டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அவரே இளவயதில் கொட்டுல்லா என்ற எல்லைப்புற ஊரில் ஏழை மெக்சிகன் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். அந்தச் சட்டத்தின் முதல் பாகம்தான் டைட்டில் ஒன், அதாவது ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் கூடுதல் பணம். இன்று வருடத்துக்குச் சுமார் 18 பில்லியன் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் மத்திய அரசின் எல்லாத் திட்டங்களையும் சேர்த்தாலும் சாதாரண வருடங்களில் அரசுப் பள்ளிச் செலவில் அதன் பங்கு 10 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். மீதி மாநில வரியும் உள்ளூர் வீட்டு வரியும்.

ஆகவே டைட்டில் ஒன் என்ற முத்திரை அளப்பது குடும்பங்களின் வருமானத்தை. பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்று யாரும் வந்து பார்த்து மதிப்பெண் போட்டுக் குத்திய முத்திரை இல்லை. நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்கு இந்தப் பணம் போகிறது. டிஸ்ட்ரிக்ட்டுக்கு வந்த பணத்தை, ஏழ்மை விகிதப்படி பள்ளிகளை வரிசைப்படுத்தி மேலிருந்து பிரித்துக்கொடுப்பார்கள். 75 சதவீதத்துக்கு மேல் ஏழ்மை உள்ள பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தே ஆக வேண்டும், அதற்குக் கீழே எங்கே கோடு கிழிப்பது என்பதில் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. அதனால் ஒரு ஊரில் டைட்டில் ஒன் ஆக இருக்கும் பள்ளி, அதே மாதிரிப் பிள்ளைகளோடு பக்கத்து ஊரில் இருந்தால் அந்தப் பட்டியலில் வராமலே போகலாம். ஒன்றை மறைக்க வேண்டாம். ஏழ்மை அதிகமுள்ள பள்ளிகளில் சராசரித் தேர்வு மதிப்பெண் பொதுவாகக் குறைவாக இருக்கும், டீச்சர்கள் அடிக்கடி மாறுவதும் அங்கேதான் அதிகம். உங்கள் அபார்ட்மெண்ட் நண்பர் அதைத்தான் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் நான் வீடு பார்ப்பதாக இருந்தால், வலைத்தளங்கள் பத்துக்கு இத்தனை என்று போடும் எண்ணை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறுகிறார்கள், பிரின்சிபல் எத்தனை வருடமாக இருக்கிறார், போன வருடம் எத்தனை டீச்சர்கள் விட்டுப் போனார்கள் என்ற மூன்றையும் விசாரிப்பேன். நல்ல பிரின்சிபல் உள்ள டைட்டில் ஒன் பள்ளியில், வசதியான ஏரியாப் பள்ளியில் இல்லாத வாசிப்பு நிபுணரும் கூடுதல் உதவியாளரும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விசா விஷயத்தில் கவலை வேண்டாம். டைட்டில் ஒன் பணம் பள்ளிக்குப் போகிறது, உங்கள் பேரில் யாரும் ஒரு சலுகையும் எழுதுவதில்லை. குடும்பத்தின் குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இலேயே, பிளைலர் வழக்கில், தீர்ப்புச் சொல்லிவிட்டது. பல டைட்டில் ஒன் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விண்ணப்பமே இல்லாமல் இலவச மதியச் சாப்பாடு கிடைக்கும், அதுவும் பள்ளிக்கு மொத்தமாக வருவதுதான். ஆனால் உங்கள் பேரில் விண்ணப்பித்து வாங்கும் வேறு அரசு உதவிகள் கிரீன் கார்டைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் வாங்காதீர்கள். அந்த விதிகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன, குடியேற்ற வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் காம்பேக்ட் தாள் இருக்கிறதே, அதற்கு ஒப்பந்தம் மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அதை வைத்திருக்க வேண்டும் என்றுதான் மத்தியச் சட்டம் பள்ளிக்குச் சொல்கிறது, பெற்றோர் கையெழுத்து என்ற பேச்சே அதில் இல்லை. போட்டால் நஷ்டமில்லை, போடாவிட்டாலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எல்லோரும் "பெற்றோர் செய்ய வேண்டியவை" என்ற பத்தியை மட்டும் படித்துவிட்டு (தினமும் 20 நிமிடம் வாசிக்க வைப்பேன் என்ற ரகம்) கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். படிக்க வேண்டியது பள்ளி செய்ய வேண்டியவை என்ற பத்தி. தொடக்கப் பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறையாவது டீச்சரோடு உட்கார்ந்து பேச நேரம், பிள்ளையின் முன்னேற்றம் பற்றி அடிக்கடி தகவல், டீச்சர்களைச் சந்திக்க நியாயமான வாய்ப்பு, வகுப்பில் உதவவும் வகுப்பு நடப்பதை உட்கார்ந்து பார்க்கவும் வாய்ப்பு, முடிந்தவரை உங்களுக்குப் புரியும் மொழியில் தொடர்பு. இவை பள்ளி மனமிரங்கிக் கொடுப்பவை இல்லை, சட்டத்தில் உள்ளவை. வகுப்பை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று கேட்டால் முன்கூட்டி நேரம் வாங்கச் சொல்வார்கள், அது நியாயம்தான்.

பள்ளிகளுக்குப் பணம் கொடுக்கும் சட்டத்தில் பெற்றோருக்கு எதற்கு இவ்வளவு இடம் என்று தோன்றலாம். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. முதல் சில வருடங்களில் இந்தப் பணம் போன போக்கை ஆராய்ந்து 1969-இல் கறுப்பின மக்கள் உரிமைக்காக உழைத்த வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த பணத்தைப் பல டிஸ்ட்ரிக்ட்டுகள் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டதும், தாங்கள் கொடுக்க வேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டு மத்தியப் பணத்தால் அதை நிரப்பியதும் அதில் வெளியே வந்தது. அதன் பிறகுதான் விதிகள் இறுகின. மத்தியப் பணம் ஏற்கெனவே கொடுக்க வேண்டியதற்கு மேலே வரும் பணமாக இருக்க வேண்டும், மாற்றாக இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வலுத்தது. 1970-களில் ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் ஆலோசனைக் குழு கட்டாயமானது. 1981-இல் ரீகன் காலத்தில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள், 1988-இல் பெற்றோர் பங்கேற்பு வேறு வடிவில் திரும்பி வந்தது, 1994-இல் இந்தக் காம்பேக்டும் ஒரு சதவீத விதியும் சேர்ந்தன. இப்போது நடப்பில் இருப்பது ஒபாமா 2015 டிசம்பரில் கையெழுத்திட்ட வடிவம். இந்த ஏற்ற இறக்கத்தில் எனக்குத் தெரிவது இதுதான்: 70-களில் பெற்றோருக்குக் குழுவாக உட்காரும் அதிகாரம் இருந்தது, இப்போது இருப்பது கருத்துச் சொல்லும் உரிமை. ரத்து செய்யும் அதிகாரம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும்.

ஒரு சதவீத விதி என்றேனே, அதைக் கணக்காகவே பார்ப்போம். 5 லட்சம் டாலருக்கு மேல் டைட்டில் ஒன் பணம் வாங்கும் டிஸ்ட்ரிக்ட், குறைந்தது 1 சதவீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கென்று ஒதுக்கி, அதில் 90 சதவீதத்தைப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 10 லட்சம் டாலர் வருகிறது, ஆறு டைட்டில் ஒன் பள்ளிகள் என்று வையுங்கள். ஒதுக்கீடு 10,000, பள்ளிகளுக்கு 9,000, சமமாகப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு 1,500 டாலர். வருடம் முழுவதற்கும்! இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் பெற்றோரைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, பள்ளிகளும் மும்முரமாகக் கலந்துகொள்வார்கள், மாலை நிகழ்ச்சியாகக் கணித இரவு வைக்கலாமா வாசிப்பு இரவு வைக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடக்கும். அதே நேரம் அந்தப் பள்ளிக்கு வரும் லட்சக்கணக்கான டாலரில் இரண்டு உதவி ஆசிரியர்களா, ஒரு வாசிப்பு நிபுணரா, கம்ப்யூட்டர் மென்பொருளா என்ற முடிவு வேறு அறையில் எடுக்கப்பட்டிருக்கும். என் அனுபவத்தில் பெற்றோர் பங்கேற்பு பெரும்பாலும் நீர்த்துப் போவது இந்த இடத்தில்தான். யாரும் சதி செய்வதில்லை, சின்னத் தொகையைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போங்கள். வருடாந்திர டைட்டில் ஒன் கூட்டம் பொதுவாகப் பள்ளி திறந்த புதிதில் வரும். பிரின்சிபல் சில ஸ்லைடுகள் காட்டுவார், பலமுறை பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு இரவோடு சேர்த்துப் பதினைந்து இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், பாதிப் பேர் வகுப்பறையைத் தேடிப் போய்விடுவார்கள். அந்த வருடத்துக்கான திட்டமும் பட்ஜெட்டும் அதற்கு முன்பே, பெரும்பாலும் முந்தைய வசந்த காலத்தில், முடிவாகியிருக்கும். செப்டம்பரில் போய்ப் பணத்தை மாற்றிச் செலவழியுங்கள் என்பது பந்தி பரிமாறின பிறகு சமையல்காரரிடம் மெனு பேசுவது மாதிரி. எனவே இந்தக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அடுத்த வருடத் திட்டத்தை எந்த மாதம் எழுதுகிறீர்கள், அந்தக் குழுவில் பெற்றோர் எப்படிச் சேர்வது?" என்பது. இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு, கேட்டவரைப் பிரின்சிபல் மறக்க மாட்டார். பல பள்ளிகளில் குழுவில் பெற்றோர் இடம் ஆளில்லாமல் காலியாகவே கிடக்கும்.

அந்தக் குழுவின் பெயரும் பலமும் ஊருக்கு ஊர் மாறும். கலிஃபோர்னியாவில் ஸ்கூல் சைட் கவுன்சில், நியூயார்க் நகரில் பெற்றோரும் ஊழியரும் சம எண்ணிக்கையில் உட்காரும் ஸ்கூல் லீடர்ஷிப் டீம். எல்லாவற்றையும் விட வலுவானது சிகாகோவில். 1988-இல் வந்த சட்டப்படி அங்கே பெரும்பாலான பள்ளிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் கவுன்சில் உண்டு, அதில் ஆறு இடம் பெற்றோருக்கு, பிரின்சிபலைத் தேர்வு செய்வதே அந்தக் கவுன்சில்தான், குடியுரிமை இல்லாத பெற்றோரும் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். மற்ற பெரும்பாலான ஊர்களில் பள்ளி வாரியத் தேர்தல் குடிமக்களுக்கு மட்டும். தெரியாமல் பதிவு செய்து ஓட்டுப் போட்டுவிடாதீர்கள், விசாவில் இருப்பவருக்கு அது மிகப் பெரிய ஆபத்து. நம் ஊர் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, அப்படி ஓர் எண்ணிக்கை அமெரிக்க டைட்டில் ஒன் சட்டத்தில் இல்லை. பிடிஏ என்ற பெற்றோர்–ஆசிரியர் சங்கம் இதிலெல்லாம் சேராது, அது தனிச் சங்கம், பணம் திரட்டிப் பள்ளிக்கு உதவுவது அதன் வேலை. பிடிஏவில் ஓடியாடி உழைத்தால் பட்ஜெட்டில் பேச இடம் கிடைத்துவிடும் என்று நினைக்கும் நம்மவர்கள் நிறைய.

குழுவில் சேர நேரமில்லை என்றாலும் ஒரு வழி இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. பள்ளி முழுமைக்குமான திட்டம் பெற்றோருக்குத் திருப்தி இல்லை என்றால், அவர்கள் எழுதிக் கொடுத்த கருத்தை அந்தத் திட்டத்தோடு சேர்த்துத்தான் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுத்தில் வரும் நாலு வரிக்கு இருக்கும் மரியாதை கூட்டத்தில் பேசும் நாற்பது நிமிடத்துக்கு இல்லை. தணிக்கைக்கு வருபவர்கள் கோப்பைத்தான் பார்ப்பார்கள். கோபம் வேண்டாம், மூன்று கேள்வி போதும்: இந்தப் பணத்தில் போன வருடம் எதை வாங்கினீர்கள், யாரை வேலைக்கு வைத்தீர்கள்? அதனால் பிள்ளைகளுக்குப் பலன் கிடைத்ததா என்று எதை வைத்துப் பார்த்தீர்கள்? பலன் இல்லாததை நிறுத்தினீர்களா? கூடவே, உங்கள் மகனின் டீச்சருடைய கல்வித் தகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மாநிலச் சான்றிதழ்த் தகுதி இல்லாத ஒருவர் தொடர்ந்து 4 வாரம் அல்லது அதற்கு மேல் பாடம் எடுத்தால் டைட்டில் ஒன் பள்ளி தானாகவே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பல தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம். சேர்க்கையின்போது "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்" என்று ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள், மதிப்பெண் குறைந்தால் இஎஸ்எல் வகுப்பு, அதாவது ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு. இதற்குப் பயந்து ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோர் ஏராளம். உண்மையை எழுதுவதே நல்லது. இந்தியாவில் ஆங்கில மீடியத்தில் படித்த பிள்ளைகள் பெரும்பாலும் அந்தத் தேர்வைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள், தாண்டாவிட்டால் அந்த உதவி தேவை என்று அர்த்தம். வருடத் தொடக்கத்தில் சேர்த்த பிள்ளையென்றால் இந்த வகுப்புக்குத் தேர்வானதைப் பள்ளி திறந்து 30 நாளுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும், உங்களுக்கு அந்த வகுப்பு வேண்டாம் என்று மறுக்கலாம். ஆனால் மறுத்தாலும், ஆங்கிலம் தேறும்வரை வருடாந்திரத் தேர்வு உண்டு. இதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தாதீர்கள், அப்படி நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள். தமிழுக்கு நேரில் ஆள் கிடைப்பது கஷ்டம், தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்வார்கள்.

பெற்றோருக்கு உண்மையிலேயே பல் உள்ள மத்தியச் சட்டம் என்றால் அது 1975-இல் வந்த மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கல்விச் சட்டம். அங்கே பெற்றோர் சம்மதம் இல்லாமல் முதல் மதிப்பீடே தொடங்க முடியாது, பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதும் ஐஇபி குழுவில் பெற்றோர் உறுப்பினர், உடன்பாடு இல்லையென்றால் விசாரணை கேட்கலாம். (அதற்காக, ஒரு மாணவருக்கு ஆகும் நாட்டின் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்ன மத்திய அரசு இன்றுவரை முழுதாகத் தந்ததில்லை என்பது தனிப் புலம்பல்.) மகனுக்கு அப்படி ஏதும் சந்தேகம் இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராமல் மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், நாள் கணக்கைக் காட்ட அதுதான் சாட்சி.

சரி, இதெல்லாம் செய்தால் பிள்ளை நன்றாகப் படிப்பானா? இங்கேதான் உறுதி குறைகிறது. ஈடுபாடுள்ள பெற்றோரின் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் ஈடுபாட்டால்தான் படிக்கிறார்களா, வசதியும் படிப்பும் உள்ள குடும்பம் என்பதால் இரண்டும் சேர்ந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்வது கடினம். கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் பல வருடக் கணக்கெடுப்புகளை அலசி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் ஈடுபாட்டின் பல வடிவங்களுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை, வீட்டுப்பாடத்தில் உதவுவது சில சமயம் எதிர்மாறாகக்கூட இருந்தது. அதுவும் கணக்கெடுப்பை வைத்துச் சொன்னதுதான், முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தானே வீட்டில் அதிகம் உதவுவார்கள். இன்னொரு பக்கம், பெற்றோருக்குத் தெளிவான தகவல் கொடுப்பது வேலை செய்கிறது என்பதற்கு நல்ல சோதனைகள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸிலும் மேற்கு வர்ஜீனியாவிலும், பிள்ளை எந்த வேலையை முடித்துக் கொடுக்கவில்லை என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பியே பலன் கண்டார்கள். ஃபிலடெல்ஃபியாவில், உங்கள் பிள்ளை இத்தனை நாள் வரவில்லை என்று தபாலில் கடிதம் போட்டே நீண்ட விடுப்பு எடுப்போரை 10 சதவீதம் அளவுக்குக் குறைத்தார்கள். மலிவான வேலை. ஊருக்குப் போகிறோம் என்று டிசம்பரில் ஐந்து வாரம் லீவு போடும் நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசியுங்கள் என்பேன்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நாள் இப்படியே இருக்கும் என்றும் சிலர் கேட்பார்கள். 2025 மார்ச்சில் மத்திய கல்வித் துறையை மூட ஜனாதிபதி டிரம்ப் ஆணை போட்டார், அதன் பிறகு சில பொறுப்புகளை வேறு துறைகளுக்கு மாற்றவும் தொடங்கினார்கள். ஆனால் துறையை முழுதாக மூடவோ டைட்டில் ஒன் சட்டத்தை மாற்றவோ நாடாளுமன்றம் வேண்டும். எந்த அலுவலகம் செக் அனுப்பினாலும், சட்டம் இருக்கும்வரை நான் மேலே சொன்ன உரிமைகள் இருக்கும். கண்காணிக்க மேலே ஆள் குறைந்தால் விதிகள் எவ்வளவு தூரம் காற்றில் விடப்படும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று பள்ளிக்குப் போன் செய்து கேளுங்கள், டைட்டில் ஒன் பணத்தில் அதற்கு ஏற்பாடு செய்ய அனுமதி உண்டு. அங்கே அடுத்த வருடத் திட்டம் எந்த மாதம் என்று கேட்டு, அந்தத் தேதியை காலண்டரில் குறித்துக்கொண்டு வாருங்கள். மாநிலம் எது என்று சொன்னால் அங்கே அந்தக் குழுவுக்கு என்ன பெயர், யாரிடம் பேச வேண்டும் என்று கீழே எழுதுகிறேன்.